முந்நூறு கிராம் மரியாதை

உரிமம் வழங்கும் துறையின் இயக்குநருக்கு ஒருநாள் கல்யாண அழைப்பிதழ் ஒன்று வந்தது. விரலால் தட்டினால் கதவைத் தட்டுவது போலச் சத்தம் கேட்கும் கெட்டி அட்டை. இப்போது அதுதான் மோஸ்தர். மாப்பிள்ளை எப்படியிருந்தாலும் அட்டை விறைப்பாக இருக்க வேண்டும். இயக்குநர் அதை மேஜைமேல் நிறுத்திப் பார்த்தார். நின்றது. பக்கத்தில் பொதுமக்களின் விண்ணப்பங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து நிறுத்தினார். துவண்டு விழுந்தது. பொதுமக்கள் துறையை மதிப்பதில்லை என்ற உண்மை அந்த நொடியில் அவருக்குப் புலப்பட்டது.

மறுநாளே சுற்றறிக்கை கிளம்பியது. இனி உரிமம் கோருவோர், புதுப்பிப்போர் அனைவரும் சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம் எடை வரும் அட்டையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அச்சகத்தில் அடித்தால் வசதியுள்ளவர்கள் முந்திவிடுவார்கள் என்பதால், சமத்துவம் கருதி, அவரவர் வீட்டுப் பிரிண்டரில் அவரவரே அச்சிட வேண்டும். வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்களைப் பற்றிச் சுற்றறிக்கை ஒன்றும் சொல்லவில்லை. இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவது நாகரிகமல்ல என்று விட்டிருக்கலாம்.

தெருவே டீச்சர் என்று கூப்பிடும் அம்மாள் ஒருவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தார். அவருடைய உரிமம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் வாசலுக்குச் சீல். கணவர் மாடியறையில் உட்கார்ந்து சாதனங்களின் பயன்பாட்டுக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர். மிக்ஸியிலிருந்து இஸ்திரிப்பெட்டிவரை எதை எப்படி இயக்குவது என்று அவருக்கு அத்துப்படி, தாளில் மட்டும். அவர் மேஜையில்தான் பிரிண்டர் இருந்தது.

"ஏங்க, ஒரே பக்கம். சட்டுனு அடிச்சுக் குடுங்க."

கணவர் கீழ்த்தட்டில் அட்டையை வைத்துப் பொத்தானை அமுக்கினார். பிரிண்டர் உறுமியது, இழுத்தது, நின்றது. 'தாள் இல்லை' என்று திரையில் காட்டியது.

"வச்சிருக்கேனே!"

"அதுக்கு அது தாளாத் தெரியலையோ என்னமோ."

"வேற எதாத் தெரியுதாம்?"

"சுவராத் தெரியுதுபோல."

இரண்டாவது அட்டையைக் கையால் நெட்டித் தள்ளினார். பாதிவரை போய்ச் சிக்கிக்கொண்டது. உள்ளே போகிற தாள் உருளையைச் சுற்றி வளைந்துதான் வெளியே வர வேண்டும். முந்நூறு கிராமோ வளைந்துகொடுக்காத ரகம். பின்மூடியைக் கழற்றி இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தலைப்பு மட்டும் அச்சாகி அட்டை விசிறிபோல மடிந்து வந்தது. அடுத்துப் போட்ட ஏழெட்டும் அப்படியே. காப்பகக் குழந்தைகள் அவற்றை வாங்கித் தொப்பி செய்துகொண்டார்கள். மாலையில் தாய்மார்கள் அழைத்துப்போன பிள்ளைகள் பலர் நெற்றியில் 'உரிமம் புதுப்பிக்கக் கோரி' என்ற வாசகத்தோடு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் டீச்சர் இருநூறு கிராம் அட்டையில் அச்சடித்துக்கொண்டு அலுவலகம் போனார். அங்கே கண்காணிப்பாளராக இருந்த பெண்மணியின் மகளும் அந்தக் காப்பகத்துக் குழந்தைதான். டீச்சருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"விண்ணப்பதாரர் முன்னே வரலாம்," என்றார் கண்காணிப்பாளர்.

"நான்தான் மேடம். உங்க பொண்ணு என்கிட்ட..."

"அது சாயங்காலம். இது ஆபீஸ் நேரம்."

அட்டையின் ஒரு மூலையைப் பிடித்து மின்விசிறிக்குக் கீழே நீட்டினார். மறுமூலை மெல்லத் தாழ்ந்தது.

"தலை குனியுதே."

"இருநூறு கிராம் மேடம். இதுதான் உள்ளே போச்சு. முந்நூறு வளைய மாட்டேங்குது."

"வளையக் கூடாதுங்கறதுதானே விதி?"

"வளையலைன்னா பிரிண்டர் அடிக்காதே!"

"பிரிண்டர் எங்க துறைக்குக் கட்டுப்பட்டது இல்ல. அதோட நடத்தைக்கு நாங்க பொறுப்பாக முடியாது."

"உங்க சுற்றறிக்கையே சாதாத் தாள்லதானே இருக்கு?"

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "எங்க பிரிண்டரும் சிக்கி ரிப்பேராயிடுச்சு. துறை முயற்சி பண்ணித் தோத்தாச்சு டீச்சர். இனி மக்கள்தான் ஜெயிச்சுக் காட்டணும்."

"காப்பகத்துக்குச் சீல் வச்சிட்டா உங்க பொண்ணை எங்க விடுவீங்க?"

"அதை நெனச்சாத் தூக்கமே வரல," என்றார் கண்காணிப்பாளர், உண்மையான வருத்தத்தோடு. "தயவுசெஞ்சு நல்லா விறைப்பா ஒண்ணு கொண்டாங்க."

வீட்டுக்கு வந்த டீச்சர் பிரிண்டரின் கையேட்டை அலமாரியடியிலிருந்து இழுத்துக் கணவர் முன்னால் போட்டார். அவர் தூசியைத் தட்டிப் பிரித்தார். முகம் மலர்ந்தது.

"இதை நான்தான் மொழிபெயர்த்திருக்கேன்!"

"சந்தோஷம். என்ன சொல்லியிருக்கீங்க?"

"'தடித்த ஊடகங்களைப் பின்வழிச் செருகுவாயினூடாக ஒவ்வொன்றாக ஊட்டுக.'"

"அப்படின்னா?"

கணவர் இரண்டு தடவை வாசித்தார். "எனக்கே புரியலையே."

அதில் டீச்சருக்குப் புரிந்தது ஒரே சொல்: ஊட்டுக. தினமும் அடம்பிடிக்கிற வாய்களுக்கு ஊட்டுகிறவர் அவர். வாய் எங்கே என்று தேடினார். முதுகுப்பக்கம் ஒரு மூடி. திறந்தால் நீளமான பிளவு. அதன் வழியே போனால் அட்டை அதிகம் வளைய வேண்டியதில்லை. தாள் வகை என்ற இடத்தில் 'தடித்தது' என்று கணவரை மாற்றச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு அட்டையை மெதுவாக வைத்துக் காத்திருந்தார். பிரிண்டர் முழுங்கியது. பளபளப்பான அட்டையென்பதால் மை இழுபட்டு எழுத்துக்கெல்லாம் மீசை முளைத்தது. பளபளப்பில்லாத அட்டை வாங்கிவந்து மறுபடி ஊட்டினார்கள். சுத்தமாக வந்தது. மேஜைமேல் நிறுத்தினார்கள். நின்றது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் நீண்ட வரிசை. எல்லோர் விரலிலும் மை. சிலர் விரலில் கட்டு. போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒட்டுப்பலகையைச் சரியாக முந்நூறு கிராம் வரும்வரை இழைத்து, அதில் விண்ணப்பத்தைக் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கண்காணிப்பாளர் நாற்காலியில் ஏறி நின்றார்.

"சுற்றறிக்கை ரத்து. எங்க பஞ்சிங் மெஷின் அட்டையில ஓட்டை போட மாட்டேங்குது. ஓட்டை இல்லாம நூல் கோக்க முடியாது. நூல் இல்லாம கோப்பு இல்ல. கோப்புல இல்லாத விண்ணப்பம் சட்டப்படி பிறக்கவே இல்ல. அதனால இனிமே சாதாத் தாளே போதும். அட்டை கொண்டுவந்தவங்களுக்கும் உரிமம் உண்டு."

யாரும் கைதட்டவில்லை. அப்போதுதான் ஓர் ஆள் சாவகாசமாக உள்ளே வந்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த தாளை நீட்டினார். வாங்கிக்கொண்டார்கள்.

"இவரும் நானும் ஒண்ணா?" என்று ஸ்டூடியோக்காரர் பலகையால் மேஜையை அடித்தார்.

"அதானே!" என்று ஒரு குரல் ஓங்கியது. அது தன் குரல்தான் என்று டீச்சருக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. "கஷ்டப்பட்டு அட்டையில அடிச்சவங்களுக்கும், சும்மா தாள்ல குடுக்கறவங்களுக்கும் ஒரே உரிமமா? வேணும்னா நானூறு கிராம் ஆக்குங்க! குறைக்காதீங்க!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். அறைக்குள்ளிருந்த இயக்குநர் வெளியே வந்தார். மக்களின் விழிப்புணர்வைக் கண்டு நெகிழ்ந்துபோனார். அடுத்த வாரமே மக்கள் கோரிக்கையை ஏற்று நானூறு கிராம் ஆணை வந்தது. துறை, சுவரில் துளைபோடும் மெஷின் ஒன்றை வாங்கியது. ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு. அட்டைகளைப் பரிசோதிக்கப் பொதுமக்கள் குழு ஒன்று அமைந்தது. ஊட்டத் தெரிந்தவர் என்பதால் டீச்சருக்கு அதில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி.

முதல் நாள், புதிதாகக் காப்பகம் தொடங்க விரும்பிய இளம்பெண் ஒருத்தி வந்தாள். விரலெல்லாம் மை. அவள் கொடுத்த அட்டையை டீச்சர் காற்றில் நீட்டினார், அசையவில்லை. தட்டினார், கதவுபோல ஒலித்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் தென்படாததில் அவருக்கே சங்கடமாக இருந்தது.

"கெட்டியாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "ஆனா இந்த வெள்ளைதான்..."

"வெள்ளை அட்டைதானே மேடம் கேட்டிருந்தீங்க?"

"வெள்ளைதான்மா. மரியாதை பத்தாத வெள்ளை."

வரிசையில் நின்றவர்கள் அவரவர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர், தன்னுடையது கொஞ்சம் கூடுதல் வெள்ளை என்று பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் காட்டிக்கொண்டார்.