பன்னிரண்டாவது பெயர்

இலங்கை மலைநாட்டுப் பதுளையில் நாங்கள் செய்த ஓர் ஆய்வுத் தொகுப்பிலிருந்து ஓர் ஆய்வை நான் வேண்டுமென்றே வெளியே தள்ளினேன். மறதியால் அல்ல, வேலைப்பளுவால் அல்ல. அது என் முடிவைக் கெடுத்தது, தள்ளினேன். எழுபதைத் தாண்டிய டாக்டருக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல நேரமில்லை. ஊவா மாகாணத்து டாக்டர்கள் எல்லோரையும் தராசின் ஒரு தட்டிலும் பெரட்டு மிஸ்ஸை மறுதட்டிலும் ஏற்றியிருந்தால், நாங்கள் அத்தனை பேரும் கூரையில் போய் முட்டியிருப்போம்.

பெரட்டு மிஸ் எங்கள் சுகாதார அலுவலகத்தின் நூலகர். நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதை இவர் ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடத்தினார். காலை எட்டரைக்கு நீள மேசையில் கட்டுரைகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் பெயரையும் மிஸ் உரக்கக் கூப்பிடுவார். கட்டுரைக்கு வாய் இல்லாததால் "வந்திருக்கு" என்று நான் சொல்ல வேண்டும். ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி இடையில் ஏதோ கேட்டார். "பெரட்டு நடக்குதுங்க. அந்த ஓரமா நில்லுங்க" என்றார் மிஸ். அதிகாரி நின்றார். கையைக் கூடக் கட்டிக்கொண்டார்.

எங்கள் கேள்வி இதுதான்: கர்ப்பிணித் தொழிலாளிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையைப் பெரட்டுக் களத்திலேயே கொடுத்தால் இரத்தம் ஏறுமா? இதைப் பற்றி எங்கெங்கோ நடந்த ஆய்வுகளைத் தேடியெடுத்து, எதை ஏற்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்து, இருவர் தனித்தனியாகப் படித்து, பெரிய ஆய்வுக்குக் கூடுதல் எடை, சின்னதற்குக் குறைந்த எடை என்று போட்டு, ஒரே விடையாகத் திரட்ட வேண்டும். படிக்கும் இருவர் நானும் மிஸ்ஸும்.

தனித்தனியாக என்றால் மிஸ்ஸுக்குத் தனித்தனியாகத்தான். எங்கள் மேசைகளுக்கு நடுவே ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் நைசாகக் கேட்டேன்.

"மூணாவது ஆய்வுக்கு என்ன போட்டீங்க மிஸ்?"

"சேர், சோத்தப் பாருங்க."

"சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு..."

"பரீட்சையில எட்டிப் பாத்துத்தான் டாக்டர் ஆனீங்களா?"

அதற்குப் பிறகு நான் சோற்றைத்தான் பார்த்தேன்.

பதினொரு ஆய்வுகள் தேறின. எல்லாம் "இரத்தம் ஏறுகிறது" என்றன. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மிஸ்ஸுக்கோ முகம் கடுத்தது.

"இத்தன பேரும் ஒரே பாட்டு பாடுறாங்கன்னா, பாடாத ஆளு எங்கயோ வீட்டுல கெடக்கான் சேர்."

சொன்னதுபோலவே கண்டுபிடித்தார். எங்கள் தோட்டங்களிலேயே நடந்து, அச்சில் வராமல் போன ஓர் ஆய்வு. நடத்திய டாக்டர் வெளிநாடு போய்விட்டார். குறிப்பேடுகள் மடுல்சீமையில், பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவரிடம் இருந்தன. அந்த வாரம் மழையில் மண் சரிந்து பஸ் பாதியில் நின்றது. மிஸ் மீதி வழியை நடந்தார். மறுநாள் காலில் அட்டைக் கடியும் கையில் பிஸ்கட் டின்னுமாக வந்தார். டின்னுக்குள் குறிப்பேடுகள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம், முத்து முத்தான எழுத்து.

அந்தப் பெண்கள் மாத்திரையைப் பெரட்டுக் களத்தில் ஊற்றும் தேத்தண்ணியோடு விழுங்கியிருந்தார்கள். இரத்தம் ஏறவில்லை. இரும்பு உடம்பில் சேர்வதைத் தேத்தண்ணியின் சாயம் தடுக்கும் என்பது மருத்துவ மாணவனுக்கே தெரியும். மற்ற பதினொன்றும் தண்ணீரோடு கொடுத்தவை. எங்கள் பெண்களின் உண்மையான காலையைச் சொன்னது இந்த ஒன்றுதான்.

அடுத்த வாரம் கொழும்பில் கூட்டம். எல்லாத் தோட்டங்களுக்கும் மாத்திரைத் திட்டத்தை நீட்டும் அறிவிப்பு, மேடையில் எனக்கு நாற்காலி. பன்னிரண்டாவதைச் சேர்த்தால் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுத வேண்டும். விலக்கியவற்றின் பட்டியலில் அதைப் போட்டு, "எங்கள் விதிகளுக்குப் பொருந்தவில்லை" என்று காரணம் எழுதினேன். அச்சில் வராததையும் ஏற்போம் என்று விதியில் எழுதியவனே நான்தான்.

மிஸ் வாசித்தார்.

"அது பொருந்துது சேர். நீங்கதான் பொருந்தல."

"ஒரே ஒரு ஆய்வு, மிஸ்."

"மலையில நின்னு பறிச்ச கூடைய நிறுக்காமத் தள்ளுனா எங்க லயத்துல என்ன நடக்கும் தெரியுமா? தராசு ஒடையும். எம்பேர எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். கட்டுரை இதழில் வந்தது. மேடையில் கைதட்டினார்கள்.

மிஸ் வேலையை விடவில்லை, மாற்றலும் கேட்கவில்லை. மறுநாள் எட்டரைக்குப் பெரட்டு நடந்தது. பதினொரு பெயர், பதினொரு "வந்திருக்கு". பிறகு பன்னிரண்டாவது பெயர். நான் வாய் திறக்கவில்லை. மிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்தார். இப்படி ஒருநாள் அல்ல, நான் ஓய்வு பெறும்வரை தினமும். காய்ச்சல் என்று லீவு போட்டேன். வந்த அன்று விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து நின்றார். தேத்தண்ணி கொண்டுவரும் பியூன் கூட அந்த நேரத்தில் வாசலில் தலை குனிந்து நிற்கப் பழகிவிட்டான்.

ஓய்வு பெற்றும் அந்த நிமிடம் என்னை விடவில்லை. கடைசியில், கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு எழுதினேன்: பிழை அல்ல, மறைத்தேன். மிஸ்ஸிடம் போய், மறுபடி என்னோடு படிப்பீர்களா என்று கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "கண்ணாடி போட்டுட்டு வாங்க" என்றார். பன்னிரண்டையும் நிறுத்தோம். முடிவு மாறியது. இதழ் திருத்தத்தை வெளியிட்டது. பழைய நண்பர்கள் சிலர் என் தொலைபேசியை எடுப்பதில்லை, எடுக்க வேண்டாம். சில தோட்டங்களில் மாத்திரை தேத்தண்ணி நேரத்திலிருந்து தள்ளிப் போயிருக்கிறது. பல தோட்டங்களில் இன்னும் போகவில்லை. அதற்காக இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க மடுல்சீமைக்கும் போனோம். மருத்துவமாது நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"டாக்டர் ஐயா, எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? அந்தப் புள்ளைங்க ரத்தம் இல்லாமப் பெத்துப்போட்டுட்டு, மறுபடி கொழுந்தெடுக்கப் போயிருச்சுங்க."

 

திரும்பும் பஸ்ஸில் மிஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அவர் கண் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதுளை வந்ததும் கண்டக்டர் கத்த வாயெடுத்தான். நான் உதட்டில் விரல் வைத்தேன். எல்லோரும் இறங்கட்டும், இவரைக் கடைசியில் எழுப்பிக்கொள்ளலாம்.