இரண்டு சாம்பாருக்கு நடுவே ஒரு சினிமா

என் வீட்டில் சமாதானத்தை நிலைநாட்டியே தீருவது என்று நான் சபதம் எடுத்தபோது என் எடை நாலு கிலோ கூடியிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். நான் ஹரிஷங்கர். என் அம்மா விசாலாக்ஷி, பாலக்காட்டுக்காரி. என் மனைவி ஸுப்ரியா, கும்பகோணத்துக்காரி. பதினேழு வருஷமாக இரண்டு பேரும் ஒரே சமையலறையில் முட்டியும் மோதியும் காலம் தள்ளி வந்தார்கள். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் ஸுப்ரியா தேங்காய் அரைத்துவிடாமல் சாம்பார் வைத்தாள். அம்மா ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "ரசம் நன்னாருக்கு. சாம்பார் எங்கே?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அம்மா பழைய காஸ் அடுப்போடு பாத்திரம் தேய்க்கிற பின்பக்க ஒர்க் ஏரியாவுக்குக் குடிபோய்விட்டாள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனது நான்.

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே இரண்டு. காலையில் ஒர்க் ஏரியாவில் மூன்று தோசை. வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் நாலு இட்லி. ராத்திரி தேங்காய் போட்ட சாம்பார், பிறகு தேங்காய் போடாத சாம்பார். ஒரு பக்கம் ஒரு வாய் குறைந்தாலும், "அங்கே வயிறு முட்டக் கொட்டிண்டு வந்தாச்சு போலிருக்கு" என்று ஒரு குரல் வரும். ஆகவே குறைக்கவில்லை. சட்டைப் பொத்தான்கள்தான் குறைந்தன.

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான். மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவன் நான். பகலெல்லாம் மிளகிலிருந்து பதரை எடுப்பேன். வீட்டுக்கு வந்தால் பேச்சிலிருந்து மிளகை எடுப்பேன். "துணி உணத்தற லட்சணத்தைப் பாரு, கோவணம் மாதிரி சுருட்டிப் போட்டிருக்கா" என்று அம்மா சொன்னால், கூடத்தைத் தாண்டுவதற்குள் அது, "துணியெல்லாம் ஜோராக் காஞ்சிருக்குன்னு அம்மா சொன்னா" என்று ஆகிவிடும். "உங்கம்மா காபிக்கு ஒரு லிட்டர் பால் வேணுமா?" என்பது, "அம்மாக்குப் பால் போறுமான்னு ஸுப்ரியா விசாரிச்சா" என்று போய்ச் சேரும். இப்படி நானே சொந்தமாக எழுதி இயக்கி ஒரு குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் வயிறு தாங்கவில்லை. இந்தச் சமயத்தில்தான் ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் சந்தீப் ஒரு மலையாளப் படத்தைப் பற்றிச் சொன்னான். மாமியார் மருமகள் சண்டைப் படம். முழுக்கச் சண்டை, கடைசிப் பத்து நிமிஷம் முழுக்க அழுகை. அவன் வீட்டு மாமியாரும் மருமகளும் படம் முடிந்து கையைக் கோத்துக்கொண்டு வெளியே வந்தார்களாம். எனக்கு வழி தெரிந்துவிட்டது. மூன்று டிக்கெட் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி, வைட்டிலா பக்கம் ஒரு தியேட்டர்.

இரண்டு பேரையும் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேன். அம்மாவிடம், ஸுப்ரியாதான் உன்னைக் கூப்பிடுகிறாள் என்றேன். ஸுப்ரியாவிடம், அம்மாதான் ஆசைப்படுகிறாள் என்றேன். ஒரு பேச்சு மறுபேச்சு இல்லை. இரண்டு பேரும் சரியாக ஒரு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு நின்றார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆட்டோவில் நான் நடுவில். தியேட்டரிலும் நான் நடுவில். படம் ஆரம்பித்தது. திரையில் மாமியார் குழம்பைக் கவிழ்த்தாள், மருமகள் கதவை அறைந்தாள். நான் ஓரக்கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாருக்கும் முகத்தில் அசைவே இல்லை.

அரை மணி கழிந்திருக்கும். அம்மா என் மடியைத் தாண்டி மெதுவாகச் சொன்னாள்: "இப்போ பாட்டு வரும். பாத்ரூம் போய்ட்டு வந்துடலாம்."

சொன்னது என்னிடம் இல்லை. ஸுப்ரியா உடனே எழுந்தாள். இரண்டு பேரும் என் காலை மிதித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் திரையில் பாட்டு வந்தது. பாட்டின் கடைசி வரியில் திரும்பி வந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வாரமாகப் பேசாதவர்கள் சேர்ந்து போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டு வரப்போவது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரத்தில் திரையில் அந்த வீட்டுப் பிள்ளை, அம்மாவிடம் ஒன்றும் பெண்டாட்டியிடம் ஒன்றுமாகச் சொல்லிக்கொண்டு அலைந்தான். அம்மா பையிலிருந்து நேந்திரங்காய் வறுத்த உப்பேரியை எடுத்து ஸுப்ரியாவிடம் நீட்டி, "பாவம், அடுத்த ஸீன்ல மாட்டிக்கப்போறான்" என்றாள். அடுத்த ஸீனில் அவன் மாட்டிக்கொண்டான்.

இடைவேளை வெளிச்சம் வந்ததும் கேட்டேன். "அம்மா, இந்தப் படம் நீ பார்த்தாச்சா?"

அம்மா ஸுப்ரியாவைப் பார்த்தாள். ஸுப்ரியா உப்பேரியைப் பார்த்தாள்.

"போன புதனாழ்ச்சை" என்றாள் அம்மா. "காலம்பற ஆட்டம்."

"யாரோட?"

"என்னோடதான்" என்றாள் ஸுப்ரியா. "நீங்க ஆபீஸ் போனப்புறம் கிளம்பினோம். திரும்பி வரச்சே பிராட்வே கடைத்தெருவில ஆளுக்கொரு புடவைகூட எடுத்தோம். கட்டிண்டிருக்கோமே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை. விசாரணையில் மேலும் உண்மைகள் வெளிவந்தன. சண்டை உண்மையில் நாலு நாள்தான் நீடித்ததாம். அதற்குப் பிறகு நான் ஆபீஸ் போனதும் ஒர்க் ஏரியா அடுப்பு அணைந்துவிடும். மத்தியானம் ஒரே சமையல், ஒரே மேஜை. சாயங்காலம் என் பைக் சத்தம் கேட்டதும் அம்மா பின்பக்கம் ஓடி அடுப்பைப் பற்ற வைப்பாளாம். நான் பேச்சிலிருந்து மிளகெடுத்தது வேறு அவர்களுக்குத் தினசரிப் பொழுதுபோக்கு. மறுநாள் மத்தியானம் உட்கார்ந்து, நிஜமாக யார் என்ன சொன்னார்கள், நான் அதை என்னவாக்கினேன் என்று ஒப்பிட்டுச் சிரிப்பார்களாம்.

"கோவணம்னு சொன்னதை ஜோராக் காஞ்சிருக்குன்னு மாத்தினயே" என்றாள் அம்மா. "அன்னிக்குச் சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிடுத்து."

எனக்குக் கோபம் வந்தது. நாலு கிலோ கோபம். எதற்காக இந்த நாடகம் என்று கேட்டேன்.

அம்மா உப்பேரிப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். "நீ ஆபீஸ் விட்டு வந்தா அந்தப் போனை எடுத்துண்டு சோபால சாஞ்சுடுவே. சாப்டயான்னு கேட்டா 'ம்'ம்பே. வருஷக்கணக்கா எனக்குக் கிட்டினது அந்த ஒரு 'ம்'தான். சண்டை வந்தப்புறம்தான் தினம் என் பக்கத்துல வந்து உக்காந்து அரைமணி பேசறே. எனக்கு அது வேண்டியிருந்ததாக்கும்."

"எனக்கும்தான்" என்றாள் ஸுப்ரியா, திரையைப் பார்த்தபடி. திரையில் விளம்பரம்கூட ஓடவில்லை.

வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு அரைமணி நேரங்களை ஏழு வாரமாக நான் ஒரு தண்டனையாகத்தான் நினைத்துக் கழித்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு படம் ஓடியது. சந்தீப் சொன்ன கடைசிப் பத்து நிமிஷமும் வந்தது. தேம்பி அழுதவன் நான் ஒருவன்தான். ஸுப்ரியா கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள், எனக்காக.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் மனம் திறந்து பேசினேன். சண்டை இல்லாவிட்டாலும் தினம் இரண்டு பேரோடும் உட்கார்ந்து பேசுகிறேன், போனைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பதிலுக்கு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரே அடுப்பு, ஒரே சாம்பார்.

அம்மா யோசித்தாள். ஸுப்ரியாவும் யோசித்தாள். தேவரா ஜங்ஷன் தாண்டுவதற்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி அம்மா சமையல், தேங்காய் உண்டு. செவ்வாய், வியாழன், சனி ஸுப்ரியா சமையல், தேங்காய் கிடையாது. ஒருத்தர் சமையலை மற்றவர் குறை சொல்லக் கூடாது. நாட்டில் இவ்வளவு சுலபமாக ஒரு உடன்படிக்கை கையெழுத்தாகி நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு சினிமா டிக்கெட்டில் ஏழு வாரச் சண்டையை முடித்தவன் என்ற பெருமிதத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெருமிதத்தில்தான் வாயைக் கொடுத்தேன்.

"ஒரு நாள் விட்டுப்போச்சே? அன்னிக்கு யார் சமையல்?"

இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை" என்றேன்.

ஸுப்ரியா ஆட்டோவை ஒரு காய்கறிக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னாள். இறங்கியது நான் ஒருவன்தான்.