ஜோஸ்மி அனுப்பிய கேசட்

பக்கத்துல வந்து இருங்க மக்கா, காலை நல்லா நீட்டிக்கோங்க. காரோடு ஊர்க்காரன் சத்தியதாஸ் தன் குடியைத் தானே கெடுத்துக்கொண்ட கதை இது. தாராளமாகச் சிரிக்கலாம். அவனும் பிற்பாடு சிரித்தவன்தான்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மனைவி ஜோஸ்மியிடமிருந்து வந்த கேசட்டைப் போட்டு, பட்டனை அமுக்கி, அரைமணி நேரம் காது கொடுத்தும் ஒரு சத்தமும் வரவில்லை. மறுபக்கம் திருப்பிப் போட்டான். அதிலும் இல்லை. அப்போதுதான் தான் அமுக்கியது பதிவு செய்யும் சிவப்புப் பட்டன் என்று கண்டான். ஓட்டிக் கேட்டால், "என்னடா, சத்தம் வரல்லியே" என்று அவனுடைய குரலும் கொட்டாவியும் வந்தன.

"எனக்க தலையில களிமண்ணுகூட இல்ல. அவ பேசினதை எல்லாம் அழிச்சுப்போட்டேனே" என்று தன்னையே வைதுகொண்டான்.

ஜோஸ்மி கடிதம் எழுதமாட்டாள். என்ன சமைத்தாள், யார் திட்டினார்கள், பாறசாலை ஸ்டேஷனில் இவன் அழுததை நினைத்து எப்படிச் சிரித்தாள், எல்லாம் கேசட்டில்தான். போன கேசட்டைக் கேட்டபடியே இவன் குறட்டை விட்டதை அம்மை போனில் போட்டுக்கொடுத்துவிட்டாள். "இனி ஒரு தரம் எனக்க பேச்சைக் கேளாம இருந்தா, பேச்சே கிடையாது" என்றிருந்தாள் ஜோஸ்மி. கேசட்டைக் கொண்டுவந்த கூட்டுக்காரி அமிர்தா, பதில் வாங்க ஞாயிற்றுக்கிழமை வருவாள்.

கேசட்டை வாங்கி வைத்தது அம்மை பங்கஜாட்சி. மெல்லத் தூண்டில் போட்டான்.

"நான் சந்தைக்குப் போன நேரம் அம்மை கேசட்டைக் கேட்டிருப்பியே?"

அம்மை மகனின் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலையை ஒதுக்கினாள். "கேக்காம பின்னே? உங்க கட்டிலை அம்மைக்குக் குடுக்கணுமுன்னு சொன்னா, பாவம்."

கட்டில் அம்மையின் அறைக்குப் போயிற்று. சத்தியதாஸ் பாய்க்குப் போனான். கட்டிலைத் தூக்க வந்த அண்ணன் ராஜதாஸுக்கு விஷயம் பிடிபட்டது.

"எலே, நானும் கூட இருந்துதான் கேட்டேன். மேற்கே நிக்கிற ஆஞ்சிலி மரத்தை அண்ணன் வெட்டிக்கிடட்டுன்னு சொன்னா."

"அப்படியா சொன்னா?"

"பின்னே நானா சொல்லுவேன்?"

ஆஞ்சிலி விழுந்தது, விழுந்த வாக்கில் குளியலறைக் கூரையையும் கொண்டுபோயிற்று. சத்தம் கேட்டு அடுத்த வீட்டு விஜயம்மா ஓடிவந்தாள். கேசட் சங்கதியை ராஜதாஸ் சொன்னதும் மோவாயில் கை வைத்தாள்.

"எனக்கும் மதிலுக்கு அங்கே கேட்டுதே! மதிலைப் பொளிச்சு விஜயம்மைக்கு வழி விடணுமுன்னு சொன்னாளே பிள்ளை!"

மதிலும் போயிற்று. அந்த வழியே விஜயம்மாவின் ஆடுகள் வந்து மரச்சீனிக் கிழங்குச் செடிகளை மேய்ந்தன.

"எத்தனை பேரை நினைச்சிருக்கா! அவளுக்கு இப்படியொரு புத்தியில்லாத மண்டன் வாய்ச்சேனே" என்று ஆட்டை விரட்டிக்கொண்டே உருகினான்.

ஞாயிற்றுக்கிழமை அமிர்தா வந்தாள். "கேசட் ரெடியா அண்ணா?"

சத்தியதாஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "கேசட் என்னத்துக்கு? நீயே சொல்லிரு. அவ சொன்னது ஒண்ணு விடாம செய்தாச்சு. கட்டில் குடுத்தாச்சு, மரம் முறிச்சாச்சு, மதிலும் பொளிச்சாச்சு."

உள்ளே அம்மை கட்டிலில் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள்.

அமிர்தா விழித்தாள். "அவ எப்போ அண்ணா சொன்னா? 'எப்பவும் நான்தானே பேசுறேன், இந்தத் தரம் அவரு பேசட்டு'ன்னு வெறும் கேசட்டாக்கும் எனக்க கையில தந்துவிட்டா!"

உங்க வீட்டில் அடுப்பும் பேச்சும் அணையாம இருக்கட்டும் மக்கா. தூரத்தில் இருப்பவர்கள் சுகமாக வந்து சேரட்டும்.