என் மனைவிக்குப் பச்சை குத்தினேன்

என் மனைவி ராஜாத்தியின் கையில் என் பெயரைப் பச்சை குத்திவிடுவது என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவு செய்தேன். இந்த வீட்டில் நான் தனியாகச் செய்த முதல் முடிவு அது. கடைசி முடிவும் அதுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் குச்சனூர். ராஜாத்தி பிறந்த ஊர் சுருளிப்பட்டி. குழம்பில் உப்புக் குறைவு என்று சொன்னால் கோபித்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போய்விடுவாள். உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால், "அப்ப நேத்துச் சரியில்லையாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்து கையை நீட்டி நீட்டி என்னை ஏசுவாள். நான் போய் மச்சினன் முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நின்று கூட்டி வர வேண்டும்.

அந்தக் கையிலேயே 'ராக்கப்பன்' என்று குத்திவிட்டால்? நீட்டும்போதெல்லாம் என் பெயர்தானே கண்ணில் படும்? வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வாள். எனக்கும் மாமனார் ஊரில் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

வசதியாக, அவள் கையில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தேளும் கோலமும் குத்திவிடுவார்கள். இவளுக்குக் குத்த வந்தபோது புளியமரத்தில் ஏறியவள், ஆள் ஊரைத் தாண்டிப் போகும்வரை இறங்கவில்லையாம்.

பச்சை குத்துகிற மொக்கம்மாள் சனிக்கிழமைகளில் சனீஸ்வரன் கோயில் பக்கம் உட்கார்ந்திருப்பாள். சனி பகவான் வாசலில் போய் ஆள் பிடித்தேன் பாருங்கள், அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மொக்கம்மாள்தான் வந்தாள், ஊசியோடு.

ராஜாத்தி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு இவுகளைக் கூட்டியாந்தீக?"

"உன் கையில என் பேரைக் குத்தத்தான்."

"நான் என்ன மாடா?"

"ஒரு ஆசைடி."

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"அந்த எறும்பு உங்களைக் கடிச்சதே இல்லையா? உங்க கையில ஒண்ணையும் காணோமே?"

நான் கையைத் துண்டுக்குள் மறைத்தேன்.

"மொதல்ல நீங்க குத்திக்கங்க, என் பேரை. நீங்க சிரிச்ச மொகமா இருந்தா, அப்பறம் நானும் உக்காந்துக்கறேன்."

"அது ஞாயந்தான் சாமி," என்றாள் மொக்கம்மாள். அவளுக்கென்ன, ஒன்றுக்கு இரண்டு கை.

வீரனாகக் கையை நீட்டினேன்.

"கஞ்சி குடிச்சாச்சா சாமி? வெறும் வயித்துல உக்காந்தா கெறக்கம் வரும்."

"எனக்கா? கெறக்கமா?" என்று சிரித்தேன்.

"காச்சல், சிரங்கு எதுவும் இல்லையே? நல்லா யோசிச்சுக்கங்க. ஒருக்கா குத்திட்டா அழியாது. கட்டையோட சேந்துதான் வேகும்."

"யோசிக்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது," என்றேன். அன்று நான் பேசிய ஒரே உண்மை அது.

மொக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. கரியால் எழுதிக் கொடுத்தால் அதன் மேலேயே குத்திவிடுவாள். 'ராஜாத்தி' என்று எழுதினேன். நாலே எழுத்து. தாங்கிவிடலாம்.

"என்ன எழுதியிருக்கீக?" என்றாள் ராஜாத்தி.

"ராஜாத்தின்னு."

"இந்த ஊருல ராஜாத்தி எத்தனை பேரு இருக்காக! கீழத்தெருக்காரி பேருன்னு நாலு பேரு நெனச்சா என் மானம் என்ன ஆகுறது? முன்னால சுருளிப்பட்டின்னு சேருங்க."

சேர்த்தேன்.

எறும்பு இல்லை ஐயா அது. தேனீ. குடும்பத்தோடு வந்த தேனீ. ராஜாத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சிரிக்க வேண்டியிருந்தது. 'சுருளி' வரைக்கும் சிரித்தேன். 'பட்டி'யில் பல்லை மட்டும் காட்டினேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. முகத்தில் தண்ணீர் விழுந்தபோது கண்ணைத் திறந்தேன்.

"முடிஞ்சுருச்சு," என்றாள் ராஜாத்தி. "நல்லாத் தூங்குனீக."

அடுத்து அவள் முறை. பெண்களுக்குக் குத்தும் இடத்தில் புருஷன் நிற்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவு மூடியது. மாட்டுக் கொட்டத்தில் போய் நின்றேன்.

"ஐயோ ஆத்தா! செத்தேனே!"

மாடு மிரண்டு எழுந்து நின்றது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. புளியமரத்தில் ஏறி ஒளிந்தவள், என் பெயருக்காக இத்தனை வலியைத் தாங்குகிறாளே! இனி இவளை ஒரு சொல் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மாட்டின் கழுத்தைப் பிடித்து அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

கதவு திறந்தது. ராஜாத்தியின் கையில் முழங்கை வரை மஞ்சள் துணி சுற்றியிருந்தது. மொக்கம்மாள் பக்குவம் சொன்னாள்.

"மஞ்சளும் தேங்காண்ணெயும் தடவுங்க. அரிச்சாலும் சொறியப்படாது. பக்கு தானா உதிரணும், பிய்க்கப்படாது. ஆத்துல எறங்கிக் குளிக்காதீக. வெயிலு ஆகாது. கருவாடு ஆகாது."

"ரெண்டு பேருக்கும்தானே?"

மொக்கம்மாள் ராஜாத்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆத்தாவுக்கு இன்னுங் கொஞ்சம் இருக்கு சாமி. அடுப்புப் புகை ஆகாது. குடம் தூக்கப்படாது."

"சாணி அள்ளுறது?" என்று கவலையோடு கேட்டாள் ராஜாத்தி.

"தொடவே கூடாது."

"மாவாட்டுறது?"

"பேச்சே எடுக்காதீக."

"கட்டுன புருசன் கண்ணு?"

"பட்டாப் போச்சு! சீழ் வச்சிரும். ஆறுற மட்டும் அவிழ்த்துக் காட்டப்படாது."

அன்றிலிருந்து நான் சாணி அள்ளினேன். தண்ணீர் சுமந்தேன். அடுப்பு ஊதினேன். என் கை அரித்தது, சொறிய முடியவில்லை. ராஜாத்தி கட்டிலில் சாய்ந்துகொண்டு உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டி என் இடுப்பில் குடத்தைப் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா, அக்கா சுருளிப்பட்டிக்குப் போயிட்டாகளா?"

"இல்லடா. வீட்டுலதான் இருக்கா."

அவன் குடத்தை இன்னொரு தடவை பார்த்தான்.

என் கையில் பக்கு உதிர்ந்து, 'சுருளிப்பட்டி ராஜாத்தி' பச்சைப் பசேல் என்று ஊருக்கே தெரிந்தது. அவள் கை மட்டும் ஆறவே இல்லை. கேட்டால், "உங்க பேரு கொஞ்சம் கனமான பேரு," என்பாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மத்தியானம் வயலிலிருந்து வந்தேன். மஞ்சள் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ராஜாத்தி தலை சீவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை உரித்த நுங்கு மாதிரி இருந்தது.

"எங்கடி என் பேரு?"

"குத்துனாத்தானே இருக்கும்?"

"குத்தலையா!"

"என்ன பேரு குத்தணும்னு மொக்கம்மாக்கா கேட்டாக. கட்டுன புருசன் பேரை நான் வாயால சொல்லலாமா? சொல்லலை. பேரு தெரியாம அவுக எதைக் குத்துவாக?"

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"நீங்கதான் மாட்டுக் கொட்டத்துல அழுதுக்கிட்டு இருந்தீகளே."

"அப்ப ஏன்டி அப்படிக் கத்துன?"

"சத்தமே வரலைன்னா நீங்க மனசு ஒடைஞ்சு போவீகளேன்னுதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வீட்டில் அவள் மட்டும்தான் கோபித்துக்கொண்டு போக வேண்டுமா? "நான் போறேன், எங்க அக்கா பஞ்சம்மா வீட்டுக்கு! பெரியகுளத்துக்கு!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சின்னமனூருக்கு நடந்தேன்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. பெரியகுளம் பஸ்ஸில் ஏறி டிக்கெட்டுக்குக் கையை நீட்டினேன். கண்டக்டர் காசைப் பார்க்கவில்லை. கையைப் படித்தார்.

"சுருளிப்பட்டியா? ஐயா, இது பெரியகுளம் போற பஸ்ஸு."

"நான் போறதே பெரியகுளத்துக்குத்தான்!"

"பாவம்," என்றார் ஒரு கிழவர். "வழி மறந்துருவாருன்னு வீட்டுல பச்சையே குத்தி விட்டிருக்காக."

"அது என் பொண்டாட்டி பேருய்யா!"

"ஆமாமா. அவுககிட்டயே சேத்துருவோம். கோவப்படாதீக."

பஸ்ஸே இரக்கப்பட்டது. இரண்டு பேர் என்னைப் பதமாகப் பிடித்து இறக்கி, எதிர்ப்பக்கம் நின்ற கம்பம் பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் கத்தக் கத்த, அவர்களுக்கு இரக்கம் கூடியது. கம்பத்தில் அந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னை ஒரு வண்டிக்காரரிடம் ஒப்படைத்தார். அவர் என் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் என்னைச் சுருளிப்பட்டியில் மாமனார் வாசலில் இறக்கினார்.

மச்சினன் சின்னக்கருப்பு என்னையும் எனக்குப் பின்னால் இருந்த வெறும் தெருவையும் பார்த்தான்.

"என்ன மாப்ள, கோவிச்சுக்கிட்டு வந்துட்டீகளா?"

மறுநாள் ராஜாத்தி வந்து, என்னைச் சமாதானம் செய்து கூட்டிக்கொண்டு போனாள்.