ஏறுமுகம் பார்ப்பவர்

ஜோசியம் பார்ப்பவரை உங்களுக்குத் தெரியும். சகுனம் பார்ப்பவரையும் தெரியும். இந்த இரண்டு பேரையும் பத்தாம்பசலி என்று கேலி செய்துகொண்டே, அவர்கள் செய்கிற வேலையை பென்சிலும் அடிக்கோலும் வைத்துச் செய்கிற புது ஜாதி ஒன்று இந்த முப்பத்தேழாம் வருஷத்தில் நம் பக்கம் தலையெடுத்திருக்கிறது. ஏறுமுகம் பார்ப்பவர் என்று இவருக்குப் பெயர். குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் ஊருக்கொருவர் தேறுவார்கள். அசல் சரக்கு வேண்டுமென்றால் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு கிடங்குக்குப் போய்க் கணக்குப்பிள்ளை பஞ்சாட்சர முதலியாரைப் பாருங்கள்.

பட்டணத்துப் பேப்பர் ரயிலில் வந்து இறங்கியதும் முதலில் அது அவர் கைக்குத்தான் போக வேண்டும். மந்திரிசபை அமைந்தால் என்ன, கவிழ்ந்தால் என்ன? ஷேர் விலை போட்டிருக்கிற பக்கம் ஒன்றுதான் அவருக்குப் பேப்பர். கட்டம் போட்ட காகிதத்தில் அன்றைய விலையை நீலப் பென்சிலால் குறிப்பார். பத்து நாள் விலையின் சராசரியைச் சிவப்புப் பென்சிலால் இழுப்பார். நீலம் சிவப்பை வெட்டிக்கொண்டு மேலே கிளம்பி, அதே சமயம் கைமாறுகிற ஷேர்களும் முந்தின வாரத்தைவிட ஜாஸ்தியாக இருந்து, மூன்று நாள் அந்த விலை குனியாமல் நின்றுவிட்டால், அந்தக் கம்பெனி அவருடைய சல்லடையில் தேறிவிட்டது என்று அர்த்தம். தேறாதவை குப்பைக்கூடைக்குப் போகும். தேறியவற்றைப் பற்றிப் பேசுகிற பிரியத்தோடு அவர் பெண்டாட்டியிடம்கூடப் பேசியதில்லை.

இவர் தொழிலில் சாமானியர் அல்ல. கிடங்குக்கு ஓர் ஆட்டுத்தோலை வாங்குவதற்குள் முன்னும் பின்னும் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, கத்திக்கீறல் உண்டா, உப்பு ஏறியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவி, கடைசியில் மோந்தும் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். பச்சைத்தோல் வியாபாரி ஷபீ அஹமது இந்தச் சோதனையில் பத்து வருஷமாக நொந்துபோனவர். அவர் ஒரு நாள் கேட்டார்:

"மொதலியாரே, அந்த மலைத்தோட்டக் கம்பெனி ஷேரை வாங்கு வாங்குன்னு சொல்றீங்களே, அவங்க அங்கே இன்னா வெளைவிக்கிறாங்க?"

"அது எதுக்கு பாய் நமக்கு? காபியோ தேயிலையோ, கோடு மேலே போவுதா இல்லையா?"

"ஒரு ஆட்டுத்தோலை மட்டும் எட்டு வாட்டி திருப்பிப் பாக்குறீங்களே?"

"அது தோலு. இது ஷேரு."

ஷபீ அஹமது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் தபாலாபீஸில் பட்டணத்துத் தரகர் ஒருவருக்குப் பணம் அனுப்பி அவரும் இருபது ஷேர் வாங்கிவிட்டார்.

அவர் மட்டுமா? கடைத்தெரு முழுக்க வாங்கியது. அது சின்னக் கம்பெனி. சந்தைக்கு வருகிற ஷேரே கொஞ்சம். ஆம்பூர் வாங்க வாங்க விலை ஏறியது. விலை ஏற ஏற பஞ்சாட்சரத்தின் நீலக்கோடு நிமிர்ந்தது. நிமிர்ந்த கோட்டைப் பார்த்து ஆம்பூர் இன்னும் வாங்கியது. ஏற்றுகிறவர்களும் தாங்களே, ஏறுகிறது என்று அதிசயப்படுகிறவர்களும் தாங்களே என்பது ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை. பட்டணத்தில் அந்தத் தரகருக்கு மட்டும் உறைத்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டே விற்றுக்கொண்டிருந்தார்.

பஞ்சாட்சரம் எத்தனை ஷேர் வாங்கினார் என்று கேட்கிறீர்களா? ஒன்றுகூட இல்லை. ஆராய்ச்சி செய்கிறவன் சொந்தக் காசைப் போட்டால் பார்வை கலங்கிவிடுமாம். தரகரிடம் கமிஷனும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் திருடன் என்று சொல்லி மன்னித்துத் தொலைக்கலாம். இவர் எல்லாவற்றையும் வெறும் பெருமைக்காகச் செய்தார்.

ஊரில் எல்லார் கையும் காலியானபோது ஆரோக்கியமேரி வந்து சேர்ந்தாள். அதே கிடங்கில் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த அவள் புருஷன் மேல் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்து செத்துப்போய், அதற்காக வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடையாய் நடந்து அப்போதுதான் அவளுக்கு நஷ்டஈடு கிடைத்திருந்தது. புருஷனை விழுங்கிய தொட்டியில் தானும் இறங்காமல் பிழைக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பணம்.

"ரெண்டு எருமை வாங்கி பால் ஊத்தலாம்னு இருக்கேன் ஐயா. நீங்க இன்னா சொல்றீங்க?"

"எருமை இன்னிக்குக் கறக்கும், நாளைக்கு வத்தும். அதுக்குச் சராசரி போட முடியுமா? இதைப் பாரு, எம்மாம் ஒசரம் போயிருக்குது. பத்து நாள் பொறு. வித்துட்டு நாலு எருமையா ஓட்டிக்கினு போ."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மேலே போகிற கோடு மேலே போகிறது என்று பார்க்கப் படிப்பு எதற்கு? தரகருக்கு அனுப்பச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டாள்.

அதுதான் ஊரில் மிச்சமிருந்த கடைசிப் பணம். வாங்க ஆள் இல்லாமல் விலை நின்றது. "மூச்சு வாங்குது, மறுபடி கிளம்பும்" என்றார் பஞ்சாட்சரம். பயந்துபோன இரண்டு பேர் விற்கப் போனார்கள். அவர்களைப் பார்த்துக் கடைத்தெருவே விற்கப் போனது. தரகருடைய பதில் வருவது நின்றுபோயிற்று. ஒரு வாரத்தில் அந்த ஷேரை இனாமாகக் கொடுத்தாலும் கைநீட்ட ஆள் இல்லை.

ஆரோக்கியமேரி கிடங்குக்கு வந்தாள். பஞ்சாட்சரம் புதுக் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் கம்பெனிக்குக் கோடு போட்ட காயிதம் எங்கே?"

"அது இறங்கிடுச்சேம்மா. இறங்குறதை நான் வெச்சுக்கிறதில்ல. நம்ம சல்லடையில ஏறுறது மட்டும்தான் நிக்கும்."

"அப்போ என் பணம்?"

"நீ வந்ததே லேட்டு. நான் இன்னா பண்றது?" நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து மனசு இளகி, கையிலிருந்த காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "இதைப் பாரு, ஒரு சணல் கம்பெனி. நேத்துதான் செவப்பைத் தாண்டிச்சு. கையில வேற ஏதாச்சும் இருக்குதா?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிப் பக்கம் வேலை கேட்கப் போனாள். மறுநாள் முதல் முழங்கால் அளவு சுண்ணாம்பில் நிற்கிறாள்.

உங்களுக்கு அவளை நினைத்து வயிறு எரிந்திருக்கும். பஞ்சாட்சரத்தைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். நியாயம்தான், நீங்கள் அந்த ஜாதி இல்லை. ஆனால் ஒன்றே ஒன்று, யாருக்கும் தெரிய வேண்டாம், உங்கள் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்: அந்தச் சணல் கம்பெனியின் பெயரை இந்தக் கதைக்காரன் சொல்லாமல் விட்டுவிட்டானே என்று இப்போது ஒரு நிமிஷம் உங்களுக்கு எரிச்சல் வந்ததா, இல்லையா?