மரத்தடியிலிருந்து பன்னிரண்டு அடி

‘உயரத்திலிருந்து விழுந்ததால் முதுகெலும்பு முறிந்து மரணம்’ என்று எழுதியதோடு டாக்டர் ஜம்புலிங்கம் பேனாவை மூடியிருக்கலாம். மூடவில்லை. படித்தவர்.

போர்ட் பிளேயரிலிருந்து கடல்வழி வரவேண்டிய ரங்கத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய புதுக் குடியேற்றத்தில், தன் வயலுக்கு வெயில் வரவிடாத மரத்தின் கிளையைக் கழிக்க ஏறிய சூசை, முந்தின நாள் நாற்பதடி உயரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தான். அவனோடு கிளையில் இருந்தவன் மைத்துனன் சிலுவைராஜ் ஒருவனே. பட்டை மழையில் வழுக்கிவிட்டது என்றும், இறங்கியதும் பயத்தில் திரும்பிப் பாராமல் ஊருக்குள் ஓடிவிட்டதாகவும் அவன் சொன்னான்.

டாக்டரின் பரிசோதனையில் குறை காண வழியில்லை. இரண்டு குதிகால்களும் நொறுங்கியிருந்தன. எனவே காலூன்றி விழுந்திருக்கிறான். அடிபட்ட இடங்களில் சதைக்குள்ளே இரத்தம் பரவி உறைந்திருந்தது. இதயம் நின்றுபோன உடலில் அப்படிப் பரவாது. எனவே அவன் செத்து விழவில்லை, விழுந்துதான் செத்தான். இதைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் பிடித்தது. ஊருக்கு இது முந்தின நாளே தெரியும்.

ஒரு காட்டில் அணில் ஒன்று மரத்திலிருந்து விழுந்து இறந்ததாம். வைத்தியராகிய ஆந்தை வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “விழுந்து இறந்தது” என்றதாம். விலங்குகளெல்லாம் கைதட்டின. கைதட்டல் இனித்ததால் ஆந்தை, “யாராவது தள்ளியும் இருக்கலாம்” என்று சேர்த்துச் சொன்னது. அன்று முதல் அந்தக் காட்டில் ஒரு கிளைக்கு ஒரு பிராணிதான்.

நம் டாக்டருக்குக் கைதட்டவும் ஆளில்லை. தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து கப்பலேறி வந்தது. தவறி விழுபவன் மரத்தடியை ஒட்டியே விழுவான் என்றது அது. சம்பவ இடத்துக்கு முதலில் போன கான்ஸ்டபிள் சண்முகமோ, சடலம் மரத்தடியிலிருந்து பன்னிரண்டு அடியில் கிடந்ததாக அளந்து எழுதியிருந்தார். ‘இத்தூரம் தற்செயலானதன்று’ என்று டாக்டர் அழகான கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்.

போலீஸ் ஜமேதார் கோவிந்தராஜ் அதை இரண்டு முறை படித்தார்.

“தற்செயல் இல்லன்னா? மத்லப், அப்படின்னா தள்ளிவிட்டுட்டான்?”

“தள்ளியிருக்கலாம். அவனே குதித்தும் இருக்கலாம்.”

ஜமேதாருக்கு முதல் பாதியே போதுமானதாக இருந்தது. மைத்துனர் இருவரும் போன வாரம் ஒரு வாத்துக்காகச் சண்டையிட்டதை ஊரே பார்த்திருந்தது. பகல் பத்து மணிக்குச் சிலுவைராஜ் லாக்கப்பில் இருந்தான். மாலையில் புறப்படும் போட்டில் கொலைக் கைதியாகப் போர்ட் பிளேயர் போவதென்று முடிவாயிற்று.

டாக்டர் நடுங்கிப்போனார். ஒரு வரியால் வந்த வினையைச் சோதனையால் தீர்த்துவிடலாம் என்று நம்பினார். சூசையின் எடைக்கு நெல்மூட்டை ஒன்றைக் கட்டி, அதே கிளைக்கு ஏற்றி நழுவவிடச் செய்தார். மூட்டை எப்படியாவது தள்ளிப் போய் விழும், பையன் பிழைத்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு. மூட்டை புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். மரத்தடியிலிருந்து இரண்டாவது அடியில் விழுந்தது. சண்முகம் டேப்பைப் பிடித்து அளந்து, மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

சரி, கிளையில் குந்தியிருப்பவன் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பன்னிரண்டு அடி போகாது என்றாவது நிரூபிப்போம் என்று, மரம் அறுக்கும் கூலியாள் ஒருவரை மேலே ஏற்றினார். அவர் அரசாங்கக் காரியமென்று முழுப் பலத்தையும் காட்டினார். மூட்டை பன்னிரண்டாவது அடியில் விழுந்து வெடித்தது.

ஜமேதார் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். “பக்கா, டாக்டர் சாப். நீங்க இல்லன்னா இந்தக் கேஸ் நின்னிருக்காது.”

கடைசி வழியாக, ஜமேதாரிடம் தாம் சொன்னதன் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார் டாக்டர். சூசை தானே குதித்தான் என்று திருத்திவிட்டால் சிலுவைராஜ் வெளியே வந்துவிடுவான். பேனாவைத் திறந்தபோது சூசையின் மனைவி ரோசலின் எதிரே வந்து நின்றாள். சிலுவைராஜ் அவளுடைய தம்பி.

“டாக்டரய்யா, தானாக் குதிச்சாருன்னு எழுதுனா சாமியார் அவரக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடமாட்டாரு. எழுதலன்னா என் தம்பிய போட்ல ஏத்திருவாங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிருங்க. நான் படிக்காதவ.”

புத்தகத்தின் ஆயிரத்து இருநூறு பக்கங்களில் இதற்கு ஒரு பக்கம் இல்லை.

நாலரை மணிக்குச் சிலுவைராஜை விலங்கோடு அந்த வழியாக அழைத்து வந்தார்கள். அக்காளைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் அவனைப் பார்க்க மாட்டாமல் மரத்தடிக்கு ஓடினார். சடலம் உருண்டிருக்குமோ என்று தரையைப் பார்த்தார். தரை மரத்தை நோக்கியே சரிந்திருந்தது. வேட்டி காற்றில் விரிந்து தள்ளியிருக்குமோ என்று கேட்டார். ஏறும்போது சூசை கோவணம்தான் கட்டியிருந்தான் என்றார் ஜமேதார். போட் புறப்பட நேரமாகிறது என்றும் நினைவூட்டினார்.

டாக்டருக்கு மிஞ்சியது கெஞ்சல் ஒன்றே. டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த சண்முகத்திடம் திரும்பினார்.

“சண்முகம், நீங்க அளந்ததுல நாலஞ்சு அடி தப்பா இருக்கலாமில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு உயிர்.”

காலையிலிருந்து தம்மிடம் யாரும் கேள்வி கேட்காததால் வாய் திறவாதிருந்த சண்முகத்துக்கு, அளவைச் சந்தேகித்தது மட்டும் பொறுக்கவில்லை.

“அளவு தப்பாதுங்க ஐயா, மரத்தடி காட்டிலாகா எல்லை, அங்க கிடந்தா ரேஞ்சர் வர்ற வரைக்கும் நாலு நாளு பொணத்தத் தொட முடியாதேன்னு, பட்டா நிலத்துக்குள்ள இழுத்துப் போட்டதே நான்தானே.”