பெயர் வெளியிட விரும்பாத பேச்சாளர்

தவறான விவரம் கொடுத்து நான் யாரையும் கெடுத்ததில்லை. சரியான விவரம் கொடுத்துத்தான் கெடுத்தேன்.

பத்திரிகை வேலையை விட்ட புதிதில், மனநலமும் பொதுச் சுகாதாரமும் பற்றிய ஒரு மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. மும்பை செம்பூரில், ஒரே நாள். பதினான்கு நிபுணர்கள். நோயிலிருந்து மீண்ட ஒருவரும் பேசட்டுமே என்று யாரோ நினைவூட்ட, தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடத்தை வெட்டி அவருக்கு இடம் செய்தேன். (நிபுணர்கள் ஒரு நிமிடம்கூட விட்டுத்தரவில்லை.)

அந்த ஒருவர் ஷாகுல் பாய். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருப்பவர். கடும் மனச்சோர்வில் விழுந்து, இரண்டு வருட சிகிச்சையில் எழுந்தவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எம்பேரு மட்டும் வரக்கூடாது சார். மவளுக்கு உல்லாஸ்நகர்ல சம்மந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். பைத்தியக்காரன் மவள்னு ஒரு சொல்லு வந்துட்டா எல்லாம் கத்தம்."

"என்னை நம்புங்க பாய்" என்றேன். (நெஞ்சில் கை வேறு வைத்தேன்.)

பெயரை வெளியிடவில்லை. ஆனால் நிகழ்ச்சி நிரலில் விவரமில்லாத குறிப்பை எழுதக் கை ஒப்பவில்லை. எழுதியது இதுதான்: "பெயர் வெளியிட விரும்பாத பேச்சாளர் (49). கடையநல்லூரைச் சேர்ந்தவர். தாராவியில், மசூதியை அடுத்த சந்தில் தோல் பைப் பட்டறை நடத்துகிறார். விபத்தால் இடது கால் சற்றே சாய்ந்த நடை. ஒரே மகள், பி.காம்." இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை.

மாநாட்டுக் குழுவினர் அதைத் தமிழிலும் இந்தியிலும் வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மறுநாள் ஷாகுல் பாய் போன் செய்தார்.

"எல்லாரும் எனக்கே அனுப்புதாவ சார். 'பாய், இது யாருன்னு தெரியுதா'ன்னு."

குறிப்பை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன்.

"உல்லாஸ்நகர்லேருந்தும் பேசுனாவ. பையனுக்கு இப்போ கல்யாண நெனப்பே இல்லியாம்."

மாநாட்டுக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். மெதுவாக மேடையேறினார்.

"எம்பேரு ஷாகுல் ஹமீது. ஊரு, வயசு, நடை எல்லாம் சார் போட்டுட்டாவ. பேரு ஒண்ணுதான் பாக்கி. அதை நானே சொல்லிடுதேன்."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தண்டவாளம் வரை போய்த் திரும்பி வந்த ஒரு காலையைப் பற்றிச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் முடித்தார். அன்று நேரத்துக்கு முடித்தவர் அவர் ஒருவர்தான்.

மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி என்னை இன்றும் இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: "வயசு அம்பத்திரண்டு, மூணாவது மாடி, சக்கரை உண்டு, காலம்பர வரை குறட்டை. பேரு மட்டும் கேக்காதீங்கோ." எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

மன்னிப்புக் கேட்கப் பட்டறைக்குப் போனதை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. அன்று தேநீர் கொண்டுவந்து வைத்தது ஷாகுல் பாயின் மகள்.

"யாரு அத்தா இவங்க?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"தெரிஞ்ச ஆளுதாம்மா" என்றார். அதற்கு மேல் ஒரு விவரமும் தரவில்லை.